வெப்பம் எங்கே தங்கிற்று?

கோமுகியைத் தாண்டியதும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்குச் சரக்கேற்றிச் செல்லும் பிக்கப் வண்டிக்காரர்களோடு தேநீர்க்கடைப் பெஞ்சில் கால் மணி நேரம் உட்கார்ந்து பேசுகிறவர், டீசல் விலையும் டயர்த் தேய்மானமும் அடிபட்டு ஓய்ந்த பிறகு, ஒரு விசித்திரமான முறையீட்டைக் கேட்க நேரலாம். சேலம் சாலையிலே கத்திரி வெயிலில் ஓடும்போது முகத்தில் சில்லென்று வீசுகிற ஏசி, கோமுகி அணையைத் தாண்டி மலைப்பாதை வளையத் தொடங்கியதும் மெல்ல மெல்லச் சோர்ந்து, நான்கைந்து வளைவுகளுக்குள் வெறும் காற்றாடியாக மாறிவிடுகிறது; கரியாலூரைக் கடந்து வெள்ளிமலையில் சரக்கை இறக்கிவிட்டு, மரவள்ளிக் கிழங்கை ஏற்றிக்கொண்டு திரும்பும்போதோ, யாரும் கை வைக்காமலே, எதுவும் நடவாததுபோலப் பழையபடி குளிர்கிறது.

மலையில் காற்று சமவெளிக் காற்றைக் காட்டிலும் குளிர்ந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த முறையீட்டின் விசித்திரம் இன்னும் கூடும். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறு டிகிரி உஷ்ணம் குறையும் என்பது வானிலை அறிந்தோர் சொல்லும் பொதுக் கணக்கு; கல்வராயன் மலையின் பரப்போ பெரும்பாலும் 600 மீட்டருக்கும் 900 மீட்டருக்கும் இடைப்பட்ட உயரத்தில் விரிந்து கிடக்கிறது. அப்படியானால் கள்ளக்குறிச்சி வெயிலோடு போராடி வென்ற ஒரு யந்திரம், வெளிக்காற்று நான்கைந்து டிகிரி தணிந்து தனக்கு உதவி செய்ய முன்வரும் இடத்திலே தோற்பானேன்? எதிரி பலவீனப்படும்போது படையும் பின்வாங்குமோ?

இக்கேள்வியைச் சௌகரியப் பிரியரின் வீண் கவலை என்று தள்ளிவிடலாகாது. 2025-இலிருந்து புதிதாகத் தயாராகும் லாரிகளில், மொத்த எடை மூன்றரை டன்னுக்கு மேற்பட்டவற்றின் ஓட்டுநர் அறை குளிரூட்டப்பட்டிருக்க வேண்டும் என்று மத்திய அரசே விதி செய்திருக்கிறது. வெந்துபோன மனிதன் வண்டியை நிதானமாக ஓட்ட மாட்டான் என்னும் எளிய உண்மை சட்டப் புத்தகத்தை வந்தடைய இத்தனை காலம் பிடித்தது. மூன்றரை டன்னுக்கு உட்பட்ட பிக்கப்புகள் அந்த விதியின் நிழலுக்குள் வரவில்லை. அவற்றின் சொந்தக்காரர்கள் தாங்களே செலவு செய்து குளிரை வாங்குகிறார்கள். ஆகையால் அது ஏன் மலையேற மறுக்கிறது என்று கேட்க அவர்களுக்குப் பூரண உரிமை உண்டு.

குளிர் என்று ஒரு சரக்கு இல்லை

சென்னை மெரினாக் கடற்கரைக்கு எதிரே, இன்று விவேகானந்தர் இல்லம் என்று அழைக்கப்படுகிற வட்ட வடிவக் கட்டடத்தைப் பழைய சென்னைவாசிகள் ஐஸ் ஹவுஸ் என்றே சொல்வார்கள். அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் குளிர்காலத்தில் உறைந்துபோகும் குளங்களிலிருந்து பனிக்கட்டியை அறுத்தெடுத்து, மரத்தூளில் பொதிந்து, பாதி உலகைக் கப்பலில் சுற்றிக் கொண்டுவந்து விற்ற ஃபிரெடரிக் டியூடர் என்னும் வணிகர், 1842-ஆம் ஆண்டில் அதைத் தம் சரக்குக் கிடங்காகக் கட்டினார். அந்நாளைய சென்னைத் துரைமார்கள் தாங்கள் காசு கொடுத்துக் குளிரை வாங்குவதாகவே எண்ணியிருப்பார்கள். ஆனால் உண்மையில் அந்தக் கட்டி அவர்களுக்கு எதையும் கொடுக்கவில்லை. அவர்களுடைய பானத்திலிருந்த வெப்பத்தைத் தான் வாங்கிக்கொண்டு உருகியது. இன்று கடையில் ஒன்றரை டன் ஏசி என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த டன்னும் இந்தப் பனிக்கட்டி வியாபாரம் விட்டுச் சென்ற எச்சந்தான்: ஒரு டன் பனிக்கட்டி ஒரு நாள் முழுவதும் உருகி எவ்வளவு வெப்பத்தை வாங்குமோ அவ்வளவை வாங்கும் யந்திரம் ஒரு டன் யந்திரம்.

ஆகவே குளிர் என்பது உற்பத்தி செய்து குழாயில் அனுப்பக்கூடிய பொருளன்று. வெப்பம் அகன்ற நிலைக்கு நாம் இட்ட பெயர். வண்டியின் ஏசி செய்வதெல்லாம், ஓட்டுநர் அறையிலிருக்கும் வெப்பத்தை வாரி எடுத்து, வண்டியின் முன் முகத்துக்குக் கொண்டுபோய், வெளிக்காற்றில் கொட்டிவிட்டு வருவதுதான். எருக்குழியிலிருந்து வயலுக்கு எரு சுமக்கும் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். கூடை ஓட்டையாயிருந்தாலும் வேலை நிற்கும். அவள் கால் தளர்ந்தாலும் நிற்கும். வயலில் கொட்ட இடமில்லாவிட்டாலும், கூடையும் காலும் நன்றாயிருக்கையிலேயே, நிற்கும். மூன்றாவது காரணத்தைப் பட்டறைகள் பலவும் மறந்துவிடுகின்றன. “குளிர் ஏன் வரவில்லை?” என்று கேட்கிறவர் காற்று வருகிற துவாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், “வெப்பம் எங்கே தங்கிற்று?” என்று கேட்கிறவர் வண்டியைச் சுற்றி வருவார்.

சுமக்கும் திரவம்

ஊசி போடுமுன் கம்பவுண்டர் தோளில் ஸ்பிரிட் தடவும்போது அவ்விடம் சில்லிடுவதையும், புதுப் பானையின் புறத்தே கசிந்து உலரும் நீர் உள்ளிருக்கும் நீரைக் குளிர்விப்பதையும் அறியாதவர் இல்லை. திரவம் ஆவியாக மாறுவதற்கு வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைத் தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் பொருளிலிருந்தே அது பறித்துக்கொள்ளும். பறித்த வெப்பம் ஆவியின் உஷ்ணத்தை உயர்த்துவதில்லை. அதனுள் ஒளிந்து கிடக்கிறது. ஆவி மீண்டும் திரவமாகும்போது அவ்வளவும் வெளிப்படுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்திலே ஜோசப் பிளாக் என்னும் பேராசிரியர் கண்டுணர்த்திய இதனை உள்ளுறை வெப்பம் என்போம்.

இதனோடு இன்னும் ஓர் உண்மையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். எந்தத் திரவமும் கொதிக்கும் உஷ்ணநிலை அதன்மேல் உள்ள அழுத்தத்தைப் பொறுத்தது. வெள்ளிமலையில் உலை வைத்தால், அங்கே காற்றின் பாரம் குறைந்திருப்பதால், நீர் நூறு டிகிரிக்குப் பதில் ஏறத்தாழ 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதே நீரைக் குக்கருக்குள் அடைத்து விசிலைப் போட்டுவிட்டால், நூறைத் தாண்டிய பிறகே கொதிக்கும். அழுத்தம் என்னும் திருகைத் திருகி, ஒரு திரவத்தை நாம் விரும்பிய உஷ்ணத்தில் கொதிக்கவும் செய்யலாம், விரும்பிய உஷ்ணத்தில் மீண்டும் திரவமாக ஒடுங்கவும் செய்யலாம். ஏசியின் ரகசியம் முழுவதும் இவ்வளவே.

பட்டறையில் பொதுவாகக் ‘கேஸ்’ என்று சொல்லப்படுவது, வண்டிகளில் பெரும்பாலும் ஆர்-134ஏ என்னும் வாயு. சாதாரணக் காற்றழுத்தத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 26 டிகிரியிலேயே கொதித்துவிடும் இயல்புடைய இதனை, டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கூலிங் காயிலுக்குள், கேஜில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 30 பவுண்டு காட்டும் அழுத்தத்தில் விட்டால், ஏறத்தாழ ஒன்றிரண்டு டிகிரியில் அது கொதிக்கும்; அங்கே புளோயர் தள்ளுகிற அறைக்காற்றின் வெப்பத்தைப் பறித்துக்கொண்டு ஆவியாகும். அந்த ஆவியை என்ஜின் பெல்ட்டால் சுழலும் கம்ப்ரஸர், அதாவது அமுக்கி, உறிஞ்சி நெருக்கி 200 பவுண்டுக்கு மேல் ஏற்றுகிறது. அவ்வழுத்தத்தில் அதே கேஸ் ஐம்பத்தைந்து, அறுபது டிகிரியிலேயே திரவமாக ஒடுங்கிவிடும். வெளியே நாற்பது டிகிரி வெயில் காய்ந்தாலும் அறுபதுக்கு நாற்பது குளிர்ச்சிதானே! ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்ஸர் என்னும் ஒடுக்கியில் கேஸ் தன் உள்ளுறை வெப்பத்தை வெளிக்காற்றில் கொட்டிவிட்டுத் திரவமாகிறது. பின்னர் ஒரு நுண்ணிய வால்வின் துவாரத்தில் புகுந்து, அழுத்தம் திடீரென்று தணிந்து, மறுபடியும் கூலிங் காயிலுக்குள் கொதிக்கச் செல்கிறது. அமுக்கி, ஒடுக்கி என்று நான் தமிழ் சொன்னாலும், மெக்கானிக்கிடம் போய் அப்படிச் சொன்னால் அவர் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்; ஆகையால் பட்டறைப் பெயர்களையே வைத்துக்கொள்வோம்.

கம்ப்ரஸரின் முகப்பில் காந்த கிளட்ச் ஒன்று உண்டு; ஏசி பொத்தானை அழுத்தியதும் ‘டக்’ என்று ஒட்டிக்கொண்டு கம்ப்ரஸரைச் சுழலச் செய்வது அதுவே. 1939-இல் அமெரிக்காவின் பக்கார்டு நிறுவனம் முதன்முதலாக ஏசி பொருத்திய கார்களை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது இந்தக் கிளட்ச் கிடையாது. குளிர் போதும் என்று தோன்றினால் வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும்! அக்காலத்துப் பணக்காரர்களின் பொறுமையை வியக்காமலிருக்க முடியவில்லை.

கேஸ் தீர்ந்துபோயிற்றா?

இனி, ஆராய்ச்சிக்காக ஒரு வண்டியைக் கற்பித்துக்கொள்வோம். வாரத்தில் நாலு நாள் கள்ளக்குறிச்சி அரிசி ஆலைகளிலிருந்து தவிடும் உமியும் ஏற்றும். மற்ற நாட்களில் சிமெண்டும் மளிகையும் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போய்க் கிழங்கோடு இறங்கும். மேலே சொன்ன வியாதி அதைப் பீடித்திருக்கிறது. ஓட்டுநர் பட்டறையில் நிறுத்துகிறார்.

“அண்ணே, மலை ஏறுனா ஏசி நின்னுபோவுது.”

“கேஸ் தீந்திருக்கும் தம்பி. அடிச்சிப் பாத்துரலாம்.”

கேஸ் அடிக்கப்படுகிறது, பணமும் கைமாறுகிறது. ஒரு வாரம் கழித்து அதே வளைவில் அதே கதை. மறுபடியும் கேஸ்.

இந்தத் தீர்ப்பிலே இரண்டு பிழைகள் இருக்கின்றன. முதலாவது, கேஸ் டீசலைப்போல் எரிந்து தீருகிற பொருளன்று. மூடிய வட்டத்தில் சுற்றிச் சுற்றி வரும் அது குறைந்திருக்கிறதென்றால் எங்கோ கசிந்திருக்கிறது என்றே பொருள். கசிவைத் தேடாமல் மேலும் மேலும் நிரப்புவது ஓட்டைக் குடத்தோடு கிணற்றடிக்கு நடப்பதாகும். கம்ப்ரஸருக்கு வேண்டிய எண்ணெயும் கேஸோடு கலந்தே சுற்றுவதால், கசிகிற மூட்டில் பிசுபிசுப்பான கறை படிந்து புழுதி ஒட்டியிருக்கும். சோப்பு நுரை தடவினால் குமிழ் விடும். கேஸ் அடிக்குமுன் இதைப் பார்க்காதவரிடம் வண்டியை விடுவது புத்தியன்று.

இரண்டாவது பிழை தர்க்கத்தைச் சேர்ந்தது; அதைக் காண வண்டியைத் தொடவே வேண்டியதில்லை. கேஸ் குறைந்த வண்டி சமவெளியிலும் சரியாகக் குளிராது. நாளுக்கு நாள் மோசமாகும். நம்முடைய வண்டியோ இறங்கும்போது தானே குணமடைகிறது. ஏறும்போது கசிந்துபோன கேஸ் இறங்கும்போது திரும்பிவந்து சேர்வதில்லை. நோய் எங்கே, எப்போது வருகிறது, எப்போது விலகுகிறது என்று நோயாளியைப் பேசவிட்டுக் கேட்கும் நாட்டு வைத்தியரின் பொறுமை இங்கே அரை மணி நேரத்தையும் ஓராயிரம் ரூபாயையும் மிச்சப்படுத்தியிருக்கும்.

போதாததற்கு, நிறைந்திருக்கும் வட்டத்தில் மேலும் கேஸைத் திணித்தால் தீமை அதிகமாகும். மிகையான திரவம் கண்டென்ஸரின் குழல்களில் தேங்கி, ஆவி ஒடுங்குவதற்குரிய இடத்தை அடைத்துக்கொள்ள, அழுத்தம் முன்னிலும் ஏறும். எவ்வளவு கேஸ் இருக்கிறது என்பதை நிற்கிற வண்டியின் கேஜ் ஒருபோதும் சொல்லாது. என்ஜினை நிறுத்தி வெகுநேரமானால், தாழ்வழுத்தப் பக்கத்தையும் உயர்வழுத்தப் பக்கத்தையும் காட்டும் அதன் இரண்டு முட்களும் ஒரே இடத்தில் நிற்கும். 35 டிகிரி வெயிலில் அது ஏறத்தாழ 115 பவுண்டு. உள்ளே துளித் திரவம் எஞ்சியிருக்கும் வரையில், கேஸ் பாதியாயிருந்தாலும் முழுதாயிருந்தாலும், அந்த அழுத்தம் உஷ்ணத்துக்கு மட்டுமே கட்டுப்படும். சமையல் சிலிண்டர் கடைசி நாள் வரையில் ஜோராக எரிந்துவிட்டுத் திடீரென்று கைவிரிப்பதும் இதனாலேயே. அதை ஆட்டிப் பார்த்தோ தூக்கிப் பார்த்தோதான் மதிப்பிடுகிறோம். ஏசி கேஸையும் அவ்வாறே எடை போட்டு, பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் கண்ட கிராம் அளவுக்கே நிரப்ப வேண்டும்.

காதும் கையும் ஒரு தாள் காகிதமும்

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டுக் கவனிப்போம். கிளட்ச் ‘டக்’கென்று ஒட்டுகிறதா என்று காது சொல்லும்; ஒட்டாவிட்டால் ஃபியூஸ், ரிலே, ஒயர் என்று வேறு வழியில் தேட வேண்டும். நம் வண்டியில் ஒட்டுகிறது. அடுத்தபடியாக, பெல்ட்டுக்கும் விசிறிக்கும் விலகி நின்று, கூலிங் காயிலிலிருந்து வெளிவரும் பருத்த குழாயைத் தொட்டால் சில்லென்று வியர்த்திருக்கிறது. கண்டென்ஸருக்குப் போகும் குழாயைத் தொட நினைப்பவர் எச்சரிக்கையாயிருக்க வேண்டும், அது கை பொறுக்காத சூடு. ஆகக் கூடை ஓட்டையில்லை. சுமப்பவளின் காலிலும் குறையில்லை.

கேஜை மாட்டுகிறோம். கேஸ் குறைந்திருந்தால் இரு முட்களும் தாழ்ந்து நிற்க வேண்டும். இங்கேயோ தாழ்வுப் பக்கம் 30-க்குப் பதில் 50. உயர்வுப் பக்கம் 300-ஐத் தாண்டி ஏறிக்கொண்டேயிருக்கிறது. ஏறத்தாழ 350 பவுண்டில் கேஸ் 77 டிகிரிக்கு மேலேதான் ஒடுங்கும். அப்படியானால் கண்டென்ஸர் அவ்வளவு கொதிப்பாயிருக்கிறது என்பதும், கொட்டவேண்டிய வெப்பம் கொட்டப்படாமல் குவிகிறது என்பதும் வெளிப்படை. வண்டிக்கு வண்டி சற்று மாறினாலும், அழுத்தம் ஏறத்தாழ 400 பவுண்டை எட்டியதும், குழாய் வெடித்துவிடாமலிருக்க ஒரு காவல் சுவிட்ச் கிளட்சைத் துண்டித்துவிடும். மலை வளைவுகளில் ஏசி செத்துப்போவதன் உடனடிக் காரணம் இந்தச் சுவிட்ச். அதைக் குற்றவாளியென்று கருதி ஒயரைத் தாண்டிக் கட்டிவிடுகிற கெட்டிக்காரர்களும் உண்டு. நாய் குரைக்கிறதென்று நாயை அடித்துக் கொல்வதற்கு ஒப்பான செயல்.

இப்போது மலையின் பங்கும் விளங்குகிறது. நெடுஞ்சாலையில் எழுபது கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது எதிர்காற்று தன் பலத்தாலேயே கண்டென்ஸருக்குள் முட்டிமோதி நுழைகிறது. மலையேற்றத்திலோ வண்டி இரண்டாம் கியரில் ஊர்கிறது, எதிர்காற்று அநேகமாக இல்லை; என்ஜின் மட்டும் உறுமிக்கொண்டு வேகமாகச் சுழல, அதோடு பிணைந்த கம்ப்ரஸரும் வேகமாகச் சுழன்று மேலும் மேலும் வெப்பத்தை வாரிக்கொண்டு வந்து கொட்டுகிறது. வரவு மிகுந்து செலவு குன்றும் அந்த நேரத்தில் காற்றை இழுக்கும் கடமை முழுவதும் ரேடியேட்டருக்குப் பின்னாலிருக்கும் விசிறியைச் சார்ந்தது. ஐந்து டிகிரி குளிர்ந்த மலைக்காற்று வெளியே வேண்டிய மட்டும் இருந்தாலும், உள்ளே நுழையாத காற்றினால் பயன் யாது?

விசிறி இழுக்கிறதா என்று பார்க்க ஒரு பழைய செய்தித்தாள் போதும். என்ஜின் ஓடுகையில் கண்டென்ஸரின் முன்முகத்தில் தாளை வைத்தால் அது ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும்; நம் வண்டியில் வழுக்கிக் கீழே விழுகிறது. ஒன்று, விசிறி சோம்பியிருக்க வேண்டும். அல்லது வழி அடைபட்டிருக்க வேண்டும். இத்தகைய வண்டிகளில் பலவற்றின் விசிறி, பிசுக்குத் திரவம் நிறைந்த ஓர் இணைப்பின் மூலம் என்ஜினோடு சேர்ந்திருக்கிறது. சூடேறினால் இறுகிப் பிடிக்கவும், ஆறினால் நழுவவும் செய்கிற அந்த இணைப்பில் திரவம் ஒழுகிப்போனால் விசிறி பேருக்குச் சுற்றும். என்ஜின் சூடாயிருக்கும்போது நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, விசிறியைக் கையால் தள்ளிப் பார்த்தால், தடுத்து நின்றால் நலம். தட்டியவுடன் பம்பரம்போல் சுழன்றால் இணைப்பு போயிற்று. நம் வண்டியின் விசிறி தடுத்து நிற்கிறது. எஞ்சியது அடைப்பு ஒன்றே.

ஒரு குடம் தண்ணீர்

ஆனால் ஓட்டுநர் ஒப்புக்கொள்ளவில்லை. “வாராவாரம் பம்புத் தண்ணி அடிச்சிக் கழுவுறேன், பாருங்க, பளபளன்னு இருக்கு” என்கிறார். குனிந்து பார்த்தால் கண்டென்ஸரின் தகடுகள் மெய்யாகவே பளபளக்கின்றன.

வாதத்தை நிறுத்திப் பரீட்சையைத் தொடங்குவோம். என்ஜினும் ஏசியும் ஓடிக்கொண்டிருக்க, ஒரு குடம் தண்ணீரை எடுத்து, கண்டென்ஸரின் முகத்தில் மட்டும் படும்படி மெல்ல ஊற்றுகிறோம். நீர் ஆவியாகித் தன் பங்கு வெப்பத்தைப் பறித்துக்கொள்ள, கேஜின் உயர்முள் 350-இலிருந்து கிடுகிடுவென்று இறங்கி 200-ஐ அணுகுகிறது. ஒரு நிமிஷத்துக்குள் அறைக்குள்ளே சில்லென்று காற்று வருகிறது. குடம் தீர்ந்ததும் முள் மீண்டும் ஏறுகிறது. கேஸில் குறையில்லை, கம்ப்ரஸரில் குறையில்லை, வால்விலும் குறையில்லை. வெப்பம் தங்கிய இடம் கண்டென்ஸர் என்பது பிரத்தியட்சமாகிவிட்டது. விலை உயர்ந்த கருவிகள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். இந்தக் குடத்துக்கு ஈடாக நேர்மையாகப் பேசுகிற கருவி அதிகமில்லை.

கண்டென்ஸரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, குழாய்களைக் கழற்றாமலே அதனைச் சற்று முன்னால் சாய்த்துப் பார்க்கும்போது உண்மை வெளிப்படுகிறது. கண்டென்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே, இரண்டு விரல் இடைவெளியில், கம்பளிப் போர்வை விரித்ததுபோல உமித்தூசியும் தவிடும் பூச்சிச் சிறகுகளும் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து அடர்ந்து கிடக்கின்றன. அரிசி ஆலை வாசலில் நின்ற ஒவ்வொரு நாளும் விசிறி அந்தத் தூசியைக் கண்டென்ஸரின் தகடுகளுக்கூடே இழுத்தது. ரேடியேட்டர் முகத்தில் அது தங்கியது. வாரந்தோறும் முன்னாலிருந்து வேகமாக அடித்த பம்புத் தண்ணீரோ, முன்முகத்தைத் துலக்கிவிட்டு, எஞ்சிய அழுக்கையும் உள்ளே தள்ளிக் கெட்டித்தது. ஓட்டுநரின் சிரத்தையே நோயை வளர்த்திருக்கிறது. மலையேறும்போது என்ஜினின் உஷ்ண முள்ளும் முன்னைவிடச் சற்று உயர்ந்து நின்றதை அவர் இப்போது நினைவுகூர்கிறார். அதே போர்வை ரேடியேட்டரையும் மூடியிருந்ததே!

பரிகாரம் எளிது. தூசி வந்த வழியே திரும்பிப் போகவேண்டுமாதலால், நீரை என்ஜின் பக்கத்திலிருந்து முன்புறமாக, மெல்லிய தாரையாக விட வேண்டும். வேகமாக அடித்தால் காகிதம்போன்ற தகடுகள் மடிந்து, தாமே புதிய அடைப்பாகும். மடிந்தவற்றை மெல்லிய சீப்பினால் நிமிர்த்தலாம். இரண்டு முறை மிகையாக அடித்த கேஸை யந்திரத்தில் வாங்கி, வட்டத்திலுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி வெளியேற்றி, எடைப்படி நிரப்ப வேண்டும். வெளிக்காற்றில் திறந்துவிடுவது தவறு: ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் ஏற்பட்ட மான்ட்ரீல் உடன்படிக்கைக்குப் பின் பழைய ஆர்-12 வாயுவுக்குப் பதிலாக வந்த இது, ஓசோனைக் கெடுப்பதில்லையே தவிர, பூமியைச் சூடேற்றுவதில் எடைக்கு எடை கரியமில வாயுவைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல் வல்லது. தவிர, பீறிடும் திரவ கேஸ் தோலில் பட்டால் உறைந்து புண்ணாகும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. குழாய் மூட்டைத் தளர்த்துவது வீட்டு வைத்தியமன்று.

மார்கழி விடியலின் வழக்கு

கோடையில் குளிர் கேட்ட அதே ஓட்டுநர், மார்கழி விடியற்காலையில் வெள்ளிமலையிலிருந்து கிளம்பும்போது வெப்பம் கேட்கிறார். ஹீட்டரைத் திருப்பினால் வெதுவெதுப்பான காற்று மட்டுமே வருகிறது. இதற்கெனத் தனி அடுப்பு ஏதும் வண்டியில் இல்லை. டீசலின் சக்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே சக்கரத்துக்குப் போகிறது. மிச்சமெல்லாம் வெப்பமாகிப் புகைக்குழாயிலும், என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்திலும் வீணாகிறது. கூலன்ட்டில் வீணாவதை டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர் வழியாகத் திருப்பிவிடுவதே ஹீட்டர்.

என்ஜின் அறைக்கும் ஓட்டுநர் அறைக்கும் நடுவிலுள்ள தகட்டில் புகும் இரண்டு ரப்பர்க் குழாய்களை, வண்டி அரைமணி ஓடிய பிறகு, தொட்டுப் பார்த்தால் வழக்கு பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும். இரண்டும் சூடாயிருந்தால் வெப்பம் வந்து சேர்ந்துவிட்டது, காற்றைத் திருப்பும் கதவு மாட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்று சூடாகவும் மற்றது தண்ணென்றும் இருந்தால் உள்ளே அடைப்பு; கூலன்ட்டுக்குப் பதிலாக ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரை வருஷக்கணக்கில் ஊற்றி, வெந்நீர்ப் பாத்திரத்தில் படிவதுபோன்ற வெள்ளைப் படிவத்தை வளர்த்திருப்பார்கள். இரண்டும் வெதுவெதுப்பாகவே இருந்தால், கூலன்ட் போதுமான அளவில் இருக்கும் பட்சத்தில், சந்தேகிக்க வேண்டியது தெர்மோஸ்டாட்.

தெர்மோஸ்டாட் என்பது ஒரு சிறு வாயிற்காவலன். அதன் வயிற்றில் மெழுகு இருக்கிறது. ஏறத்தாழ 80 டிகிரியைத் தாண்டும்போது மெழுகு உருகிப் பருத்து வாயிலைத் திறக்க, கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகிறது. அதற்கு முன் வாயில் மூடியிருப்பதால் என்ஜின் விரைவில் சூடேறுகிறது. நம் பக்கத்துப் பட்டறைகளிலே வண்டி சூடாகிறது என்று யாரேனும் சொன்னால் இந்தக் காவலனைக் கழற்றி வீசிவிடுவது ஒரு வழக்கமாகிவிட்டது. நம் வண்டிக்கும் அப்படித்தான் நடந்தது: உமிப் போர்வையால் முள் உயர்ந்த சமயத்தில் யாரோ ஒருவர் அதைக் கழற்றியிருக்கிறார். வாயிலில்லாத வழியாகக் கூலன்ட் எந்நேரமும் ரேடியேட்டருக்கு ஓட, மலையிறங்கும்போது சுமையின்றிச் சுழலும் என்ஜின் சூடேறவே மாட்டேனென்கிறது. டீசலும் அதிகம் செலவாகிறது. கோடையில் தங்கிய வெப்பத்தை வெளியேற்றத் தெரியாதவர்கள் மாரியில் தங்கவேண்டிய வெப்பத்தை விரட்டிவிட்டார்கள்.

புதிய தெர்மோஸ்டாட்டை வாங்கியதும், மாட்டுமுன், ஒரு பாத்திரத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் ஏற்றிப் பார்க்கலாம். நீர் கொதிப்பதற்குச் சற்று முன்னதாகவே வாய் திறக்க வேண்டும், ஆறியதும் மூட வேண்டும். ஆனால் சூடான என்ஜினின் ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்கலாகாது. குக்கருக்கு இருப்பதைப்போலவே அதற்கும் அழுத்தம் உண்டு. திறந்த மறுகணம் உள்ளிருக்கும் நீர் கொதித்தெழுந்து முகத்தில் பாயும்.

ஹீட்டர் சரியான பிறகும் ஓட்டுநருக்கு ஒரு சங்கடம் மிஞ்சுகிறது: கரியாலூர்ப் பக்கத்து மூடுபனியில் முன்கண்ணாடியின் உட்புறம் புகை படிந்ததுபோல மங்கிவிடுகிறது. அவர் துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டுகிறார். மூச்சிலிருந்தும் நனைந்த உடையிலிருந்தும் எழும் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் ஒடுங்குவதே அந்த மங்கல். இங்கே ஏசியையும் ஹீட்டரையும் ஒருசேரப் போட வேண்டும் என்று சொன்னால், இதென்ன ஒரு கையால் விளக்கேற்றி மறுகையால் அணைப்பதா என்று கேட்பார்கள். கூலிங் காயிலின் குளிர்ந்த தகடுகளில் காற்றிலுள்ள ஈரம் முதலில் துளிர்த்து வடிந்துவிடுகிறது. ஈரமிழந்த அந்தக் காற்றை ஹீட்டர் சூடாக்கிக் கண்ணாடிமேல் வீச, வறண்ட காற்று தாகத்தோடு கண்ணாடியை நக்கித் துடைத்துவிடுகிறது. வடிந்த நீர் ஒரு சிறு ரப்பர்க் குழல் வழியாக வண்டிக்கு அடியில் சொட்டும். அந்தக் குழலிலும் உமித்தூசி புகுந்து அடைத்துக்கொள்வதுண்டு. அப்போது நீர் உள்ளுக்குள்ளே திரும்பி ஓட்டுநரின் காலடி மிதியை நனைக்கும். வெள்ளிமலையில் வண்டியை நிறுத்தி, ஏசியை ஓடவிட்டு, அடியில் குனிந்து பாருங்கள்: செம்மண்ணில் சொட்டுச் சொட்டாக ஈரம் படிந்தால் குழல் திறந்திருக்கிறது; படியாவிட்டால் ஒரு மெல்லிய கம்பி போதும்.